கும்பகோணம் போன கடைசிப் பக்கங்கள்

“...பேரு இல்லாமலா இருப்பா, தங்கச்சி? தினமும் வந்து உப்பு வாங்குதவ. அந்தக் கடைக்காரன் கேட்டிருக்க மாட்டான், அவ்வளவுதான்.”

பால்வண்ணம் அண்ணாச்சி இதைச் சொன்னபோது அவர் கையில் கடையின் கடைசிப் பலகை இருந்தது. மற்றப் பலகைகளையெல்லாம் பொருத்தியாகிவிட்டது. அந்த ஒன்றையும் செருகிப் பூட்டைப் போட்டால் கடை மூடினது மூடினதுதான். வாசலில் குதிரை வண்டி நின்றது. எழும்பூர் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அவர் கேட்டது நிஜப் பெண்ணைப் பற்றி இல்லை. ஒரு இங்கிலீஷ் நாவலில் வருகிற கிழவியைப் பற்றி. பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ரயிலைப் பிடிக்க வேண்டிய மளிகைக் கடைக்காரர் ஒருவர், எங்கோ சமுத்திரத்துக்கு நடுவில் இருந்த ஒரு கற்பனைக் கடையைப் பற்றி ஏன் இப்படிக் கவலைப்பட்டார்? அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போன வாரமே எழுதியிருக்க வேண்டியது. எழுதவில்லை. இந்த வயசில் ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்வதற்கே பாதி தெம்பு போய்விடுகிறது. மீதியை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

வாசலில் கிடக்கும் மூட்டை

சாந்தோமிலிருந்து மந்தைவெளிக்குப் போகிற வழியில், வேப்ப மரம் ஒன்று தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் இருந்தது அண்ணாச்சியின் கடை. தெற்கேயிருந்து இளவட்டமாகப் பட்டணத்துக்கு வந்தவர். எங்கள் மாதா கோயில் தெருவுக்காரர்கள், மந்தைவெளி வக்கீல் வீடுகள், பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பங்கள், ஆற்றுக்கு அந்தப்புறம் அடையாறு பங்களாக்களில் இருந்த பட்லர்கள் என்று எல்லாரும் அங்கேதான் வருவார்கள். அதனால் அரிசி பருப்போடு ஜாம், பிஸ்கட், பாலாடைக்கட்டி டப்பா, மெழுகுவத்தி எல்லாமே கிடைக்கும்.

வருகிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். என்னை மட்டும் தங்கச்சி என்பார். அதற்குக் காரணம் கேட்டதற்கு, “ரெஜினான்னு கூப்பிட எனக்கு நாக்கு ரெண்டு தடவை மடங்கணும். வேலை நேரத்துல அதெல்லாம் கட்டாது” என்றார்.

கடையில் எல்லாச் சரக்கும் உள்ளே இருக்கும். உப்பு மூட்டை மட்டும் வெளியே இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ராத்திரி கடையைப் பூட்டிக்கொண்டு போனாலும் உப்பு மூட்டை வாசலிலேயே கிடக்கும். யாரும் தொட மாட்டார்கள். விடிவதற்கு முன்னால் யாருக்காவது தேவைப்பட்டால் ஒரு கை அள்ளிக்கொண்டு போய், கடை திறந்ததும் வந்து சொல்லிவிடுவார்கள். எங்கள் அண்ணாச்சி கடை என்று இல்லை, எல்லா மளிகைக் கடைகளிலும் அப்போது அப்படித்தான். கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால்கூட அவர் மூட்டையை உள்ளே எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

ஜாம் டப்பா வாத்தியார்

நான் அந்தக் கடையில் வேலை பார்த்தவள் இல்லை. வீட்டில் பழைய செய்தித்தாளை வெட்டிக் கஞ்சிப் பசை தடவிக் காகிதப் பை ஒட்டி, மத்தியான வேளையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. பை ஒட்டின காசில் என் வெற்றிலைச் செலவும் வம்புச் செலவும் ஓடின.

பள்ளிக்கூடத்தை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். இங்கிலீஷை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணாச்சி கடை அலமாரிதான். படத்தில் ஆரஞ்சுப் பழம் இருக்கும், பக்கத்தில் எழுத்து இருக்கும். படத்தில் பசு, பக்கத்தில் எழுத்து. இப்படி டப்பா டப்பாவாகப் படித்து, பிறகு கோயிலில் கொடுக்கும் துண்டுத்தாள்களைப் படித்து, பிறகு எதைக் கண்டாலும் படிக்கிற வியாதி வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், “ரெஜினா, உன் கையில் கருவாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தால் கருவாட்டைக் கீழே போட்டுவிட்டுக் காகிதத்தோடு போய்விடுவாய்” என்பார். பெரும்பாலும் சரிதான்.

முன்னாலிருந்து நான், பின்னாலிருந்து அவர்

யுத்தம் ஆரம்பித்த பிறகு அடையாறு பங்களாக்களில் துரைமார்கள் ஒவ்வொருவராக ஊட்டிக்கும் சீமைக்கும் கிளம்பினார்கள். போகிறபோது நாற்காலி, மேஜை, பியானோ எல்லாவற்றுக்கும் ஏலம் உண்டு. புத்தகங்களை மட்டும் யாரும் சீந்தவில்லை. பழைய பேப்பர்காரர்தான் எடைக்கு வாங்கினார். அவரிடமிருந்து அண்ணாச்சி பொட்டலம் மடிக்க வாங்கினார். காகிதத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு.

புத்தகத்தைப் பொட்டலக் காகிதமாக ஆக்குவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். முன் அட்டையில் ஆணியால் துளை போட்டு, சணல் கோத்து, கல்லாவுக்கு மேலே தொங்கவிடுவார். அட்டை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கைக்கு எட்டுவது புத்தகத்தின் பின்பக்கம். சீரகம் கேட்டால் ஒரு தாள். மிளகு கேட்டால் ஒரு தாள். கடைசிப் பக்கம்தான் முதலில் வெளியே போகும்.

மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுச் சாக்கில் கொஞ்சம் தலை சாய்க்கிற நேரத்தில் நான் அந்தப் புத்தகங்களைப் படிப்பேன். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் ஆள் வந்து நின்றால் அவர் எழுந்துகொள்வார், நான் எழுந்துவிடுவேன். இப்படித்தான் நான் முன்னாலிருந்து படித்துக்கொண்டு வருவேன், அவர் பின்னாலிருந்து கிழித்துக்கொண்டு வருவார். நடுவில் எங்கேயோ இரண்டு பேரும் முட்டிக்கொள்வோம். அதோடு கதை தீர்ந்தது.

ஒரு புத்தகத்துக்கும் முடிவு தெரியாது. கல்யாணம் ஆயிற்றா, செத்துப்போனானா, ஒன்றும் தெரியாது. முதலில் தூக்கமே வரவில்லை. பிறகு பழகிவிட்டது.

அந்தக் கதைகளில் வரும் கடைகள்

துரைமார் வீட்டுப் புத்தகங்களில் ஒரு வகை அடிக்கடி வந்தது. ஒரு தீவு, இல்லாவிட்டால் காட்டுக்கு நடுவே ஒரு ஆற்றங்கரை. அங்கே ஒரு கடை. தகரக் கூரை, மரக்கால்களின் மேல் நிற்கும். அதில் ஒரு வெள்ளைக்காரன் தனியாக உட்கார்ந்திருப்பான். இடுப்பில் சாவி. மேஜையில் சீசா. துணி, பாசிமணி, கண்ணாடி, கத்தி, புகையிலை, உப்பு எல்லாம் விற்பான். பதிலுக்குக் கொப்பரையும் தந்தமும் சிப்பியும் வாங்குவான். எப்போதாவது ஒரு கப்பல் வரும். அதற்காக அவன் பொழுதைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்தக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கடை இருந்தால் போதும் என்று நான் கண்டுகொண்டேன். அவர்கள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. காய்ச்சல், சண்டை, காதல், கொலை எல்லாமே நடந்து வந்து அந்தக் கடை வாசலில் நிற்கும். எல்லாரும் கடைக்கு வருவார்கள். கடைக்காரன் யார் வீட்டுக்கும் போவதில்லை. பாசிமணி என்ன நிறம் என்று பாதிப் பக்கம் எழுதுவார்கள். அதை வாங்குகிறவளுக்கு ஒரு பேர் வைக்க மாட்டார்கள். ‘ஒருத்தி’ என்பார்கள், ‘கும்பல்’ என்பார்கள். படிக்கிறபோது நாமும் கல்லாவுக்கு உள்பக்கம் அந்த வெள்ளைக்காரன் பக்கத்திலேயே நின்றுகொண்டு வெளியே பார்ப்போம். நான் பிறந்ததிலிருந்து கல்லாவுக்கு வெளிப்பக்கம் நிற்கிறவள். அந்தப் புத்தகங்களில்தான் உள்ளே நின்றேன்.

இதை ஒரு நாள் பேச்சுவாக்கில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். அவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. கடையைப் பற்றிக் கதை எழுதுவார்கள் என்பதே அவருக்குப் புதிது. ராஜா கதை தெரியும், சாமி கதை தெரியும். மளிகைக் கடைக்காரனை வைத்து ஒருத்தன் இவ்வளவு தடிப்புத்தகம் எழுதியிருக்கிறான் என்றதும் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது சிவப்பு அட்டை போட்ட ஒரு தடிமன் புத்தகம். தலைப்பு மறந்துபோய்விட்டது. அன்றிலிருந்து தினம் மத்தியானம் நான் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் கேள்வி கேட்பார். அத்தனையும் கடைக்காரர் கேள்விகள். அவனுக்கு யார் சரக்குப் போடுகிறார்கள்? எலித் தொல்லை உண்டா? ஜனங்கள் கொசுறு கேட்க மாட்டார்களா? கொசுறைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது.

“கொசுறு கேக்காத ஜனம் எந்தூர்ல இருக்கு, தங்கச்சி? எழுதுனவன் கடைக்கு வெளிய ஒருநாளும் நின்னிருக்க மாட்டான்.”

அந்தக் கதையில் ஒரு கிழவி வருவாள். தினமும் சாயங்காலம் தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு உப்பு வாங்க வருவாள். பேச மாட்டாள். வாங்கிக்கொண்டு போய்விடுவாள். கதைக்கு அவளால் ஒரு பிரயோசனமும் இல்லை. சாயங்காலம் ஆகிவிட்டது என்று காட்டுவதற்காக அவளை வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். நம் அண்ணாச்சிக்கு அவள்மேல் ஒரு கண் விழுந்துவிட்டது. “கிழவி இன்னைக்கு வந்தாளா?” என்றுதான் முதலில் கேட்பார்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்திலிருந்து அவர் தாள் கிழிக்கவில்லை. ஆணியிலிருந்து கழற்றிப் புளிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார். பின்பக்கம் கொஞ்சம்தான் போயிருந்தது. இந்தத் தடவை முடிவுக்குப் பக்கத்திலாவது போய்விடலாம் என்று நானும் ஆசைப்பட்டேன்.

“போகலையா?”

அது ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பட்டணம் காலியான வெயில் காலம். தெருவிளக்குக்கெல்லாம் கறுப்புக் குல்லா போட்டுவிட்டார்கள். கடற்கரையில் பதுங்குகுழி வெட்டினார்கள். போகக்கூடியவர்கள் போய்விடலாம் என்று சர்க்கார் சொன்னதும் எழும்பூரில் ஜனம் நெரிந்தது. மயிலாப்பூர் மாட வீதியில் நட்ட நடுவில் நாய் படுத்துக் கிடந்தது. தியாகராய நகரில் புதிதாகக் கட்டின வீடுகளில் வாசல் கோலம் இல்லை.

நலம் விசாரிக்கிற பேச்சே மாறிவிட்டது. சௌக்கியமா என்று யாரும் கேட்பதில்லை. “போகலையா?” என்பார்கள். “நீங்க?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். எங்கள் வாத்தியார் சொன்னார்: “பயம் முதல் வாரம்தான் இருந்தது ரெஜினா. இப்போது இருக்கிறது வெறும் அலுப்பு.” எனக்கும் அப்படித்தான் இருந்தது. போவதா இருப்பதா என்று தினம் காலையில் புதிதாக யோசித்து, தினம் ராத்திரி பழையபடி படுத்துக்கொள்வது. துறைமுகத்து ஆட்களுக்கு ஊரை விட்டுப் போக உத்தரவு இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தார், அதனால் நானும் இருந்தேன். அதில் வீரம் ஒன்றும் கிடையாது.

அண்ணாச்சி மனைவியையும் பிள்ளைகளையும் முதலிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார். அவர் மட்டும் இருந்தார். தெருவில் மற்றக் கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை போட்டன. துணிக்கடைக்காரர் போனார். ஜவுளியை விட நகை கனம் குறைவு என்று நகைக்கடைக்காரர் அவருக்கும் முன்னாலேயே போனார். அண்ணாச்சிக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கடைக்காரரும் மிச்சமில்லை.

அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்திலும் கதை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. தீவின் உள்பக்கத்தில் கலவரம் என்று செய்தி வந்துவிட்டது. கப்பல் வரப்போகிறது. கடையைப் போட்டுவிட்டுக் கப்பலில் ஏறுவதா, கடையோடு இருப்பதா என்று அந்த வெள்ளைக்காரன் இரவும் பகலும் நடந்துகொண்டிருந்தான். நான் படித்துச் சொல்லச் சொல்ல அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். எலியைப் பற்றியோ கொசுறைப் பற்றியோ கேள்வி வரவில்லை.

“அவன் என்ன முடிவு பண்ணுதான்னு பாத்துருவோம்” என்றார் ஒரு நாள். விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தது. விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பெருங்காயப் பொட்டலம்

அப்போதுதான் ஊரிலிருந்து அவர் மச்சினன் சுடலைமுத்து வந்து இறங்கினான். அக்காள் அழுகிறாள், அத்தானைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று ஒரே பிடிவாதம். வந்த கையோடு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வியாபாரத்துக்கு நின்றான். சுறுசுறுப்பான பிள்ளை. அதுதான் வினையாயிற்று.

அன்று மந்தைவெளி வக்கீல் வீட்டு மாமி கடைக்கு வந்தார். கும்பகோணத்துக்குக் கிளம்புகிற அவசரம். “ஆத்துல எல்லாம் கட்டியாச்சு. பெருங்காயமும் சாமானும் மட்டும் இங்கேருந்து எடுத்துண்டு போயிடறேன். அங்கெல்லாம் நன்னா கிடைக்குமோ என்னமோ” என்றாராம். கும்பகோணத்தில் பெருங்காயம் கிடைக்காது என்று பயப்பட்டவரைப் பற்றி நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். ஆனால் அந்த வெயிலில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பயம் பிடித்திருந்தது. அவருக்கு அது பெருங்காயத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அண்ணாச்சி உள்ளே எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார். சுடலைமுத்து ஆணியைப் பார்த்தான். புத்தகம் இல்லை. தேடினான். புளிப் பானைக்குப் பின்னால் இருந்தது. கடை வழக்கம்போலவே பின்னாலிருந்து கிழித்தான். சீரகம், வெந்தயம், மிளகு, பெருங்காயம், அது இது என்று மாமிக்கு ஒரு வருஷத்துக்கு ஆகிற சாமான். கூடை நிறையப் பொட்டலம்.

நான் பை கொண்டுபோனபோது கல்லாவின் மேல் புத்தகம் இளைத்துக் கிடந்தது. அண்ணாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுடலைமுத்துவைத் திட்டவில்லை. திட்டுவதற்கு என்ன இருக்கிறது? பொட்டலக் காகிதத்தைப் பொட்டலத்துக்குக் கிழித்தான்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூட இல்லாமல் மந்தைவெளிப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் பூட்டிய வீடுகள். வக்கீல் வீட்டிலும் பெரிய பூட்டு. எதிர்வீட்டுத் தோட்டக்காரன், இப்போதுதான் வண்டி போகிறது என்றான். அண்ணாச்சி அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“பொட்டலத்தைப் பிரிக்காமயே கொண்டுபோவாவ” என்றார். “பிரிச்சாலும் படிக்கவா போறாவ.”

பிற்காலத்தில் நான் லைப்ரரியில் இதேமாதிரிக் கதைகளை முழுசாகப் படித்திருக்கிறேன். முடிவுகள் ஒன்றும் பிரமாதமில்லை. சில கடைகள் எரிகின்றன. சிலவற்றில் கடைக்காரனைக் காய்ச்சல் கொண்டுபோகிறது. மற்றவற்றில் அவன் கப்பல் ஏறுகிறான், கடைமேல் கொடி படர்கிறது. இதற்காகவா அந்த மனிதர் வெயிலில் வெறுங்காலோடு நடந்தார் என்று இருக்கும். அண்ணாச்சி மாசக் கணக்கில் கழித்துத் திரும்பி வந்து, அதே வேப்ப மரத்தடியில் பல வருஷம் கடை நடத்தினார். அப்போதும் அவரிடம் நான் இந்த முடிவுகளைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கடைசிப் பலகை

அந்த நடைக்குப் பிறகு அவருக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லாமல் போய்விட்டது. மறுநாள் சுடலைமுத்து சொன்னதற்கெல்லாம் சரி என்றார். சரக்கு ஓரமாக அடுக்கப்பட்டது. மத்தியானம் தாண்டி நான் போனபோது சுடலைமுத்து வெளியே கிடந்த உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். பட்டினப்பாக்கத்துக்காரர்களுக்காக அண்ணாச்சி எப்போதுமே கூடுதலாக உப்பு வைத்திருப்பார். மூட்டை கிடந்த இடத்தில் தரை மட்டும் ஈரமாக, வெளுத்துப்போய் இருந்தது. அந்த இடத்தை வெறுமையாக நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அண்ணாச்சி எண் போட்ட பலகைகளை வரிசையாகச் செருகிக்கொண்டு வந்தார்.

அந்த நேரத்தில் அஞ்சலை வந்தாள். பட்டினப்பாக்கத்தில் இருந்து தினமும் மீன் கூடையோடு எங்கள் தெருவுக்கு வருகிறவள். வாயாடி. தெருமுனையில் அவள் குரல் கேட்டால் பூனைகள் எழுந்து நிற்கும். அன்று கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். கூடை நிறைய மீன் அப்படியே இருந்தது. வாங்க ஆள் இல்லை. பங்களாக்களில் பட்லர்கள் இல்லை. எங்கள் தெருவிலும் பாதி வீடு பூட்டு.

“இன்னா நைனா, நீயும் கெளம்பிக்கினியா?”

அண்ணாச்சி அடுத்த பலகையை எடுத்துச் செருகினார். சுடலைமுத்துதான், கடை அடைச்சாச்சு, வேறே எங்கேயாவது பாரும்மா என்றான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சியிடம்தான் பேசினாள். கட்டுமரம் கடலுக்குப் போகாமல் இருக்க முடியாது. போனால் மீன் வரத்தான் செய்கிறது. வாங்குகிறவர்கள் இல்லாவிட்டால் உப்புப் போட்டுக் காயவைக்க வேண்டும். நேற்று மயிலாப்பூர் முழுக்கச் சுற்றிவிட்டாளாம், உப்பு விற்கிற கடை ஒன்றும் திறந்திருக்கவில்லையாம். குப்பத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதானாம்.

“உப்பு இல்லாங்காட்டி அல்லாம் நாறிப்பூடும் நைனா. நாங்க எங்க போறது? எங்களுக்கு கும்பகோணமா கீது?”

அவள் அழவில்லை. அழுகிற கட்டத்தை எல்லாரும் தாண்டியாகிவிட்டது. சொல்லிவிட்டுத் தலைச் சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி கடைசிப் பலகையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதைச் செருகாமல் என் பக்கம் திரும்பினார். அஞ்சலைக்குச் சொல்ல வேண்டிய பதிலை என்னிடம் தேடுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

“தங்கச்சி, நீ இந்தமாரி எத்தனையோ படிச்சிருக்க. அந்தச் சிவப்பு அட்டைக்காரன் கடைசில என்ன செஞ்சிருப்பான்?”

அவரைப் போகச் சொல்லவும் எனக்கு மனசில்லை, இருக்கச் சொல்லவும் மனசில்லை. இருக்கச் சொல்ல நான் யார்? அவர் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நாளைக்கு ஒரு குண்டு விழுந்தால் அந்தப் பதில் என் தலையில் விழும். அதனால் தோன்றினதைச் சொன்னேன். கப்பல் வந்திருக்கும், அண்ணாச்சி. அவன் ஏறியிருப்பான். கப்பல் மேல் நின்றுகொண்டு அந்தத் தகரக் கூரை சின்னதாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான். அதோடு முடித்திருப்பார்கள்.

அவர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

“அந்தக் கிழவி?”

“அவளைப் பத்தி எழுதியிருக்க மாட்டாங்க.”

“சாயங்காலம் சிரட்டையோட வந்து பாத்திருப்பாள்லா? கடை பூட்டியிருந்திருக்கும்லா?”

“வந்திருப்பா. அதையெல்லாம் எழுத மாட்டாங்க, அண்ணாச்சி. அவளுக்கு ஒரு பேர்கூட வைக்கலியே.”

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. பேரு இல்லாமலா இருப்பா, தினமும் வந்து உப்பு வாங்குதவ, அந்தக் கடைக்காரன் கேட்டிருக்க மாட்டான், அவ்வளவுதான் என்று. சொல்லிவிட்டுக் கையில் இருந்த பலகையைப் பார்த்தார். வண்டிக்காரன் குதிரையை ஒரு தட்டுத் தட்டினான். சுடலைமுத்து, “அத்தான், நேரமாச்சு” என்றான்.

அண்ணாச்சி அந்தப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அதற்குப் பக்கத்துப் பலகையைக் கழற்றினார். அதற்கடுத்ததையும் கழற்றினார். மூட்டை வெளியே வருகிற அளவுக்கு வழி ஆனதும் உள்ளே போனார். முதல் உப்பு மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து, பின்பக்கமாக நடந்தபடி, வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து, வெளுத்துக் கிடந்த அதே இடத்தில் உட்காரவைத்தார். மறுபடி உள்ளே போனார். சுடலைமுத்து, என்னத்துக்கு அத்தான் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, அவனும் ஒரு மூட்டையைப் பிடித்தான். இருந்த உப்பு மூட்டைகள் அத்தனையும் வெளியே வந்தன. ஒன்றின் வாயை அவிழ்த்து, உப்பு அளக்கிற மரப் படியை உள்ளே இருந்து எடுத்து வந்து, அதன்மேல் கவிழ்த்து வைத்தார். அதற்கப்புறம் பலகைகளை எண் பார்த்து வரிசையாகச் செருகினார். பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

“அஞ்சலை, மழ வந்தா மேல சாக்கைப் போட்டு மூடிரு” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.